மல்டிமீட்டரா, டெஸ்ட் லேம்பா? பைக் ஆக்ஸிலரி லைட் பழுதுக்கு எது கைகொடுக்கும்

ஹெட்லைட்டோடு கூடுதலாகப் பொருத்திய ஆக்ஸிலரி லைட் எரியவில்லை என்றதும் பலர் லைட்டையே கழற்றி மாற்றிவிடுகிறார்கள். புது லைட்டும் எரியாதபோதுதான் வயரிங் பக்கம் கண் போகிறது. ஃபியூஸ் ஹோல்டர், ரிலே சாக்கெட், ஹேண்டில்பார் சுவிட்ச், எர்த் முனை (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் கோளாறு ஒளிந்திருக்கும். அதைத் தேட மூன்று வழிகள் உண்டு: பேட்டரியிலிருந்து நேரடி வயர், டெஸ்ட் லேம்ப் (ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சிறு பல்பு), வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டர். மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதால்தான் எதை எப்போது எடுப்பது என்ற குழப்பம் வருகிறது.

நேரடி வயரை முதலில் முடித்துவிடலாம். லைட்டின் கனெக்டரைப் பிரித்து, 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒரு வயரால் பேட்டரியின் பாசிட்டிவையும், இன்னொரு வயரால் நெகட்டிவையும் கொடுங்கள். 55 வாட் ஹாலஜன் ஜோடி என்றால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எரிந்தால் லைட் நல்லது, கோளாறு வயரிங்கில். எரியாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. எல்இடி என்றால் துருவம் மாறக் கூடாது. ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்வது மட்டும் வேண்டாம். லைட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்திலேயே வயர் உருகும். கோளாறு எந்தப் பாதியில் என்பதைத் தாண்டி இந்த வழி எதுவும் சொல்லாது.

மொத்தமாக எரியவில்லையா? டெஸ்ட் லேம்ப்

டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, பிளேடு ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரும் வழியே அறுந்திருக்கிறது. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது ரிலே, அதாவது காயிலுக்குச் சிறு கரண்ட் வந்ததும் லைட்டின் பெரிய கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச். அதைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டைச் சோதியுங்கள். ரிலேயின் முனைகளுக்கு எண் உண்டு: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 லைட்டுக்குப் போவது, 85-உம் 86-உம் காயிலின் இரு முனைகள். 30-இல் எப்போதும் எரிய வேண்டும். சாவியும் சுவிட்சும் போட்டால் 86-இல் எரிய வேண்டும். கிளிப்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றி 85-ஐத் தொட்டால் எரிய வேண்டும். எரியாவிட்டால் ரிலேயின் எர்த் இல்லை. கடைசியாக 30-ஐயும் 87-ஐயும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். லைட் எரிகிறது, மற்ற மூன்றும் சரி என்றால் ரிலேயைத் தூக்கிப் போடலாம். சில வயரிங் கிட்களில் 85-உம் 86-உம் இடம் மாறியிருக்கும். சாதாரண ரிலேயில் அதனால் ஒன்றுமில்லை; காயிலுக்கு இணையாக டையோடு வைத்த ரிலேயில் மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியே ஷார்ட் ஆகிவிடும்.

இதே வேலையை மல்டிமீட்டரிலும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் ஏமாறவும் செய்யலாம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியரைத்தான் ஒட்டியிருக்கும். வயரின் எல்லா இழைகளும் அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்று காட்டும். 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் 0.4 ஆம்பியர் இழுப்பதால், மோசமான இணைப்பில் மங்கி உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்இடி வைத்த நவீன டெஸ்டர்களுக்கு இந்தப் பெருமை இல்லை. அவை இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். பார்வைக்கு லேம்ப், குணத்தில் மீட்டர்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் அணைந்து எரிகிறதென்றால் அங்கேயும் டெஸ்ட் லேம்ப்தான். வயர்கள் தினமும் மடங்கி விரியும் இடம் ஸ்டீயரிங் கழுத்து. சுவிட்சிலிருந்து வரும் வயரில் லேம்பை மாட்டிவிட்டு ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். எந்தக் கோணத்தில் சிமிட்டுகிறதோ அங்கே வயரைத் தடவிப் பார்த்தால் உள்ளே ஒடிந்திருப்பது விரலுக்குத் தட்டுப்படும். மலிவான மீட்டரின் திரை நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். கணநேரத் துண்டிப்பு அதில் சிக்காது.

மங்கலாக எரிகிறதா? மல்டிமீட்டர்

இங்கே டெஸ்ட் லேம்ப் தோற்றுவிடும். ஓர் இணைப்பில் 0.5 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 0.4 ஆம்பியர் இழுக்கும் லேம்புக்கு அங்கே இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 55 வாட் ஹாலஜன் இரண்டு எரியும்போது அதே இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும்.

செய்ய வேண்டியது வோல்டேஜ் டிராப் சோதனை. எஞ்சின் ஓட, லைட் எரிய வேண்டும், இது முக்கியம். மீட்டர் 20 வோல்ட் டிசி அளவில். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை லைட் கனெக்டரின் பாசிட்டிவில். வரும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட், 0.5 வரை பரவாயில்லை. பிறகு லைட்டின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அதே சோதனை; 0.2-ஐத் தாண்டக் கூடாது.

பேட்டரியில் 13.8, லைட்டில் 11.9 என்று வைத்துக்கொள்வோம். 1.9 வோல்ட் எங்கே போனது? பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 1.6. எர்த் வயரைப் பெயிண்ட் அடித்த பிராக்கெட்டின் போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். வேறு காரணம் அபூர்வம். பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு ரிங் டெர்மினலை இறுக்குங்கள். அதைவிட நல்லது, பேட்டரி நெகட்டிவுக்கே தனி வயர் இழுப்பது.

பீப் சத்தம் வரும் கன்டினியூட்டி சோதனையை எர்த் பார்க்கப் பயன்படுத்துவது வீண். ஒற்றை இழைக்கும் அது பீப் அடிக்கும். 0.1 ஓம் தடையே, இரண்டு ஹாலஜனும் சேர்ந்து இழுக்கும் 9 ஆம்பியரில் 0.9 வோல்ட்டைத் தின்றுவிடும். மீட்டரின் சொந்த வயர்களின் தடையே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

லைட் சிமிட்டினால் முதலில் பேட்டரி முனைகளில் பாருங்கள். 4000 ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். அது சரியாக இருந்தும் ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டால், அதன் சிக்னலை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். சில பைக்குகளில் ஹெட்லைட்டுக்குப் போவது ஏசி கரண்ட். வேறு சிலவற்றில் விட்டுவிட்டு வரும் துடிப்பு. மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி அந்த வயரைத் தொட்டால் முதல் வகை உடனே தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சாவி போட்டால் மட்டும் நிலையான டிசி வரும் வேறொரு வயருக்கு 86-ஐ மாற்றுவது.

டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் இரண்டிலும் ஆபத்துகள் உண்டு. டெஸ்ட் லேம்பை ஈசியூவுக்கோ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சென்சாருக்கோ போகும் வயரில் குத்தக் கூடாது, அந்த 0.4 ஆம்பியர் அங்கே அதிகம். ஊசி முனையால் வயரின் மேலுறையைத் துளைத்தால் தண்ணீர் இறங்கி நாளடைவில் செம்பு பச்சை பூத்துவிடும், ஆகவே கனெக்டரின் பின்பக்கமாக நுழைத்துத் தொடுங்கள். மீட்டரில் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது ஷார்ட். மீட்டரின் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

ஒன்றுதான் வாங்க வேண்டும் என்றால் மல்டிமீட்டரை வாங்குங்கள். டெஸ்ட் லேம்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: ஒரு 5 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர், ஒரு முதலைக் கிளிப். ரிலேயின் 87-இல் கனமான சுமை கொடுத்துப் பார்க்க 21 வாட் பிரேக் லைட் பல்பு இன்னும் நல்லது, அது 1.75 ஆம்பியர் இழுக்கும்.

லைட் போட்டபின் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது என்ற புகாருக்கு மட்டும் மீட்டரை விட்டால் வழியில்லை. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அப்படியே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கடிகாரத்துக்கும் ஈசியூவுக்கும் சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 0.15 ஆம்பியர் போலக் காட்டினால் ரிலே காயில் இரவெல்லாம் விழித்திருக்கிறது என்று அர்த்தம். 24 மணி நேரத்தில் அது 3.6 ஆம்பியர் ஹவர், 9 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு. ரிலேயைப் பிடுங்குங்கள். எண் சட்டென்று விழுந்தால் 86-க்கான வயரை நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.