இன்ச் டேப்பா, தொட்டிலருகே ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

குறைமாதப் பிள்ளைக்கு எடை ஏறுகிறது, தலையும் வளர்கிறது. பிறகு எதற்கு உச்சிக்குழியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்? நெல்லை, தென்காசிப் பக்கம் வீட்டார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். டேப் மண்டையை அளக்கிறது. மூளைக்குள் ரத்தம் கசிந்து, அங்கே நீர் நிறைந்திருக்கும் அறையான நீரறை வீங்கினால், அது டேப்பில் தெரியச் சில நாளாகும், சமயத்தில் வாரங்களும் ஆகும். ஸ்கேனில் அன்றைக்கே தெரியும்.

ஆனாலும் வளர்ச்சியைப் பார்க்கத் தராசையும் டேப்பையும் மிஞ்ச எதுவும் கிடையாது. பிறந்த எடையை மீட்ட பிறகு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 15–20 கிராம் ஏற வேண்டும். 1.2 கிலோ பிள்ளைக்கு அது 18–24 கிராம்தான். 5 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இதைப் பிடிக்க முடியாது. தினமும் ஒரே நேரம், பால் கொடுக்கும் முன், துணியில்லாமல் நிறுக்க வேண்டும். ஊசி அசையாமலிருக்கக் கையில் கட்டிய ஸ்பிளிண்ட் கட்டையின் எடையைக் கழிக்க மறந்தால் கணக்கு பொய்யாகும். தலையை வாரம் ஒருமுறை, மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியின் தொப்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் போதும். தையற்கடைத் துணி டேப் நாள்பட இழுபட்டுவிடும், அது வேண்டாம். புருவத்துக்கு மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி மூன்று முறை அளந்து பெரிய அளவை எழுதுங்கள். வாரத்துக்கு 2 செ.மீ. கூடினால் அதை வளர்ச்சி என்று சந்தோஷப்படக் கூடாது, உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஸ்கேனின் பலம் அந்த முதல் வாரம். கசிவில் பெரும்பகுதி முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடும். 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு 3ஆம் நாள், 7ஆம் நாள், 4ஆம் வாரம், பிறகு கருவிலிருந்த காலத்தையும் சேர்த்து 40 வாரம் நிறையும்போது என்று வைத்துக்கொண்டால் ஓடிவிடும். கசிவு இருந்தால் வாரம் இருமுறை. வயிறு பார்க்கும் பெரிய புரோப் (உடலில் வைக்கும் ஸ்கேன் கருவிமுனை) உச்சிக்குழியில் உட்காராது. சின்ன முகமுள்ள 5–10 மெகாஹெர்ட்ஸ் புரோப் வேண்டும்.

ஜெல்லை முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஜெல் ஒரு கிலோப் பிள்ளையின் சூட்டை இறக்கும். இன்குபேட்டரின் கைத்துவாரம் வழியாகவே பார்க்கலாம். புரோப் உச்சிக்குழியில் வெறுமனே உட்கார்ந்தால் போதும், அழுத்தினால் இதயத்துடிப்பு இறங்கும். மானிட்டரில் ஒரு கண் இருக்கட்டும். குறுக்குவெட்டில் இரு பக்க எலும்பும் ஒத்து வரவேண்டும். சாய்ந்துவிட்டால் ஒரு பக்க நீரறை பெரிதாகத் தெரிந்து வீணாகப் பயம் காட்டும். நடுக்கோட்டிலிருந்து நீரறையின் வெளி ஓரம் வரை அளந்து, கருக்கால வாரக் கணக்குப்படி 97ஆம் சதமானக் கோட்டோடு (நூறில் 97 பிள்ளைகளின் அளவு இதற்குள் இருக்கும்) ஒப்பிடுங்கள். கோட்டைத் தாண்டினாலே நரம்பியல் அறுவை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. கோட்டுக்கு மேல் 4 மி.மீ. வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நீரறையைச் சுற்றி வெண்மையாகத் தெரிந்தால் உடனே பாதிப்பு என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஒலியலை விழும் விதம்தான் காரணம். இரு கோணத்திலும், நீரறைக்குள் மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்சஸ் திசு அளவுக்கு வெளுத்திருந்தால் கவலைப்படலாம். அதுகூட நீர்க்கட்டியாக மாற 2–4 வாரம் ஆகும்.

எம்.ஆர்.ஐ. வெள்ளைத்திசுவையும் சிறுமூளையையும் இன்னும் நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ இருக்கும் பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றி, சூடு காத்து, அரைமணி நேரத்துக்கு மேல் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. வென்டிலேட்டரில் உள்ள பிள்ளைக்கு இது பெரும்பாடு. ஸ்கேனில் கோளாறு தெரிந்த பிள்ளைக்கு, 40 வார வாக்கில் எடுப்பதே எங்கள் தேர்வு. சிறுமூளையை மட்டும் பார்க்க, காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு குழி வழியாக ஸ்கேன் செய்தாலே பல நேரம் போதும்.

மெஷின் வாங்கும் முன் ஒன்று: பச்சிளம் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றாலும், கரு பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும்.

வீட்டுக்குப் போகும் பிள்ளையின் டிஸ்சார்ஜ் சீட்டில் 40 வாரம் நிறையும் தேதியைப் பெரிதாக எழுதிக்கொடுங்கள். நீர்க்கட்டி வெளித்தெரியும் அந்த நாள்களில் பிள்ளை அநேகமாக ராதாபுரத்திலோ கடையத்திலோ ஆச்சி மடியில் இருக்கும்.