ராத்திரி ஆறு பல்ஸ்: பள்ளியில் ஸ்மார்ட் வாட்டர் மீட்டர், ஒரு வருட அனுபவம்

எங்கள் பள்ளியில் தண்ணீருக்கு ஸ்மார்ட் மீட்டர் போட்டு ஒரு வருடம் ஆகிறது. கணக்கு டீச்சர் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது.

பொருள் சின்னதுதான். இருந்த மீட்டரின் மேல் ஒரு பெட்டியை மாட்டினார்கள். பத்து லிட்டர் ஓடினால் ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின் துடிப்பு. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கு போனுக்கு வந்துவிடும். எல்லா மீட்டரிலும் பல்ஸ் எடுக்க முடியாது, அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் வீண். மீட்டர் இருந்தது மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால். தொட்டி நிரம்பும்போது ஓடும், நிரம்பியதும் நிற்கும். வரைபடத்தில் கோபுரம் கோபுரமாக வந்ததே தவிர, தண்ணீர் எப்போது செலவாகிறது என்று தெரியவில்லை. பொருத்த வந்தவர் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்புறம் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இன்னொரு மீட்டர் போட்டோம்.

2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்றிருந்த சமயம், ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள பள்ளிகளில் இப்படித்தான் மீட்டர் மாட்டினார்கள். பயன்பாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், கூடவே பழுதும் பார்த்தார்கள். அதைப் படித்த பிறகுதான் ராத்திரிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

ராத்திரி இரண்டு மணி. பள்ளியில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. கால் மணிக்கு ஆறு பல்ஸ். அதாவது நிமிடத்துக்கு நாலு லிட்டர். ஒரு நாளைக்கு 5,760 லிட்டர் என்று எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். "வாட்ச்மேன் அண்ணா விடிய விடியக் குளிக்கிறாரா மிஸ்?" என்றான் ஒருவன்.

சனிக்கிழமை நாலு பிள்ளைகளோடு கழிப்பறைகளைச் சுற்றினோம். ஒவ்வொரு ஃபிளஷ் டேங்கிலும் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டு, யாரும் ஃபிளஷ் பண்ணாமல் கால் மணி நேரம் காத்திருந்தோம். பதினொன்றில் மூன்று கோப்பைகளில் சிவப்பு இறங்கியிருந்தது. அடி ரப்பர் உப்புப் படிந்து இறுகிப்போய், விளிம்பில் சரியாக உட்காரவில்லை. ஆனால் பெரிய திருடன் பையன்கள் பக்கம் இருந்தது. சிறுநீர்த் தொட்டிக்கு மேலே, தானாக நிரம்பித் தானாகக் கொட்டும் டேங்க். விடுமுறையிலும் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது! ரப்பர்களை மாற்றி, சாயங்காலம் அந்த வால்வை மூட ஆரம்பித்ததும், மணிக்கு ஒரு பல்ஸ் என்று இறங்கியது. அந்த மிச்சப் பத்து லிட்டர் எங்கே போகிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

பிள்ளைகளின் பழக்கம் மாறியதா? மொத்த லிட்டரை எழுதி ஒட்டியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்கு எத்தனை வாட்டர் பாட்டில் என்று மாற்றி எழுதியதும் கூட்டம் கூடியது, சண்டைகூட வந்தது. ஒன்றரை மாதம்தான். இப்போது அதுவும் சுவரில் இன்னொரு காகிதம். உண்மையில் பழக்கம் மாறியது வாட்ச்மேனுக்கு. கேட்டைப் பூட்டியதும் போனை எடுத்து பல்ஸ் பார்க்காமல் அவர் உட்காருவதில்லை.

குறைகளும் உண்டு. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் ஓடினால் போனில் எச்சரிக்கை அடிக்கும். அந்த அளவு இருபத்து நாலு மணி நேரத்துக்கும் ஒன்றுதான்; இடைவேளை மணி அடித்தால் கூடவே போனும் அடிக்கும். மழையில் மீட்டர் குழி நிரம்பி இரண்டு நாள் சிக்னல் இல்லை. சொட்டுச் சொட்டாக ஒழுகினால் மீட்டரின் சக்கரமே சுழலாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். காலியான குழாயில் காற்று ஓடினாலோ, தண்ணீர் ஓடியதாகக் கணக்குக் காட்டுகிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஆனால் பிளம்பருக்குப் பணம் ஒதுக்காமல் இதை வாங்காதீர்கள், ஒழுகுவதை வெறுமனே போனில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொன்று, எச்சரிக்கை யார் போனுக்கு வர வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் பள்ளியில் இன்னும் அது என் போனில்தான் அடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும்.