ஹேக்கன்சாக் பர்கரா, கிளிஃப்டன் ஹாட் டாகா?

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எங்களுக்குச் சனிக்கிழமை என்றால் எடிசனில் இருக்கும் ஓக் ட்ரீ ரோடுதான். மளிகை வாங்குவோம், ஒரு தோசையோ பிரியாணியோ சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். எல்ம்வுட் பார்க்குக்கு வீடு மாறிய பிறகு எடிசன் தூரமாகிவிட்டது. சரி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், இந்த மாநிலத்திலேயே பேர்போன பழைய பர்கர் கடைகளும் ஹாட் டாக் கடைகளும் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஒரு வருஷம் நானும் அவரும் ஒவ்வொன்றாகப் போய் வந்தோம்.

அப்புறம் அவருடைய கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்தது. இனி இந்த மாதிரிச் சாப்பாடு மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை என்று பேசி முடித்தோம். ஒரு தடவைதான் என்றால் எந்தக் கடை? வடிகட்டியதில் இரண்டு மிஞ்சின. ஹேக்கன்சாக்கில் ஒய்ட் மன்னா என்ற சின்ன பர்கர் கடை, கிளிஃப்டனில் ரட்ஸ் ஹட் என்ற ஹாட் டாக் கடை. இரண்டுமே காரில் கால் மணி நேரத் தூரம். ரட்ஸ் ஹட்தான் என்று முடிவெடுத்து எட்டு மாதமாகிறது. இன்னமும் அந்த முடிவு சரியென்றுதான் தோன்றுகிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் பழைய கடைகள். சாப்பாடு பேப்பர் தட்டில்தான் வரும். ரொக்கம் கையில் இருப்பது நல்லது. ஒய்ட் மன்னாவில் மாட்டுக்கறி. ரட்ஸ் ஹட்டில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்த ஹாட் டாக், அதாவது நீளப் பன்னுக்குள் வைத்துத் தருகிற சாசேஜ். இவற்றைத் தொடாதவர்களுக்கு இந்தப் பயணமே வேண்டியதில்லை. நான் நாகர்கோவில்காரி, பீஃப் எனக்குப் புதிதில்லை. அவருக்குக் கோவில்பட்டி. இங்கே வந்துதான் பழகினார்.

ஒய்ட் மன்னா 1946-ல் திறந்தது. ஹேக்கன்சாக் ஆற்றோரம், ரிவர் ஸ்ட்ரீட்டில், கண்ணாடிக் கட்டிகள் பதித்த சுவரோடு, பொம்மைக் கடை போல நிற்கிறது. உள்ளே போனால் கவுண்டர், அதைச் சுற்றிக் கொஞ்சம் ஸ்டூல்கள். நடுவில் ஒரு சின்ன இரும்புக் கல். கடை முழுக்க அந்தக் கல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது. கறி உருண்டைகளை வரிசையாக வைக்கிறார்கள். மேலே மெலிதாகச் சீவிய வெங்காயத்தை அள்ளிப் போட்டுக் கரண்டியால் அழுத்துகிறார்கள். வெங்காயம் கறிக்குள்ளேயே புதைந்துபோகிறது. திருப்பிப் போட்டதும் சீஸ், அதன்மேல் பிளந்த உருளைக்கிழங்கு பன். பென்சில்வேனியாவின் மார்ட்டின்ஸ் பன்தான். அந்தப் பன் கல்லைத் தொடுவதில்லை, வெங்காயத்திலிருந்து எழும் ஆவியிலேயே வேகிறது. இட்லித் துணியை விரலால் தொட்டுப் பார்த்தால் ஓர் ஈரச் சூடு இருக்குமே, பன்னைத் தொட்டாலும் அதேதான்.

முதல் கடியில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ரட்ஸ் ஹட் பக்கம் நிற்கிற நான் இதை மறைக்க மாட்டேன். வெங்காய இனிப்பு, கறியின் விளிம்பில் மொறுமொறுப்பு, நாக்கில் கரைகிற பன். ஒருவருக்கு மூன்று போதும், நான்கு தாராளம்.

ரட்ஸ் ஹட் இன்னும் மூத்தது. 1928-ல் ராயல் ரட் என்பவரும் அவர் மனைவி ஆனாவும் சாலையோரக் கடையாக ஆரம்பித்தது. கணவன் மனைவி சேர்ந்து போட்ட கடை என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். ரிவர் ரோட்டில் மேட்டுமேல் இருக்கிறது. கீழே 21-ஆம் நெடுஞ்சாலை, அதற்கப்பால் பசேயிக் ஆறு. ஒரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிற அறையும் பாரும். மறுபக்கம் கவுண்டர் அறை, அங்கே நாற்காலி கிடையாது. வாங்கிக்கொண்டு ஜன்னலோரப் பலகையில் வைத்து நின்றபடியே சாப்பிட வேண்டும். நாங்கள் போவது இந்தப் பக்கம்தான்.

இங்கே ஹாட் டாகை எண்ணெயில் முழுக்கப் போட்டுப் பொரிக்கிறார்கள். எவ்வளவு நேரம் பொரிகிறதோ அதற்குத் தக்க பெயர். சும்மா முக்கி எடுத்தால் ‘இன் அண்ட் அவுட்டர்’. தோல் வெடிக்கும்வரை விட்டால் ‘ரிப்பர்’. இன்னும் விட்டால் ‘வெல்லர்’. கருகும்வரை விட்டால் ‘கிரிமேட்டர்’, அதாவது தகனம் செய்தது. உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி முட்டித் தள்ள, தோல் நீளவாக்கில் கிழிகிறது. கிழிந்த உதடுகள் எண்ணெயில் சுருண்டு, பழுப்பேறி, வடையின் ஓரம் போல ஆகிவிடுகின்றன. ரிப்பரில் முக்கியமே அந்த விளிம்புதான். உள்ளே சாறு, ஓரத்தில் முறுகல். வெல்லர் எனக்குக் கொஞ்சம் வறட்சி. அவருக்கு அதுதான் பிடிக்கும். கிரிமேட்டரை ஒரே ஒருமுறை சாப்பிட்டேன், அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை.

கூடவே ரெலிஷ். கடுகில் ஊறிய முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், மஞ்சள் நிறத்தில் ஒரு விழுது. செய்முறையை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. போன கோடையில் மாமா ஊரிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போனோம். ஹாட் டாகை ஒரு கடி கடித்துப் பேசாமல் வைத்தார். அப்புறம் ரெலிஷை மட்டும் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “கடுகு நல்லா ஏறியிருக்கு. ஊறுகாய்க்காரன் கைதான்” என்றார். ஹாட் டாகையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

சரி, முதல் கடியில் ஒய்ட் மன்னாதான் ஜெயிக்கிறது என்றால் ஏன் அங்கே போகவில்லை?

ஆறுவதுதான் காரணம்.

எந்தப் பண்டமும் ஆறத்தான் செய்யும். ஆறிய பிறகு அது என்னவாகிறது என்பதில்தான் இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். சின்ன பர்கரில் கறி மெலிசு, சூட்டைப் பிடித்துவைக்க அதில் சதையே இல்லை. பன்னைப் பஞ்சாக்கிய அதே ஆவி, கொஞ்ச நேரத்தில் நீராக உள்ளே இறங்கிப் பன்னைத் தொய்ய வைத்துவிடும். கொழுப்பு உறையும், சீஸ் இறுகும். எனக்குத் தெரிந்தவரை இந்த வகைப் பர்கரின் ஆயுள் ஐந்து நிமிடம். இது எந்தக் கடைக்காரரின் குறையும் இல்லை, பண்டத்தின் சுபாவம். வேறொரு கடையில் இதே மாதிரிச் சின்ன பர்கர் ஒரு டஜன் கட்டிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் பன்னெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடையாகியிருந்தது. ஆளுக்கு ஒன்று சாப்பிட்டதோடு சரி.

ஒய்ட் மன்னா பெயர்ப் பலகையை முதலில் பார்த்தபோதே ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை ஞாபகம் வந்தது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா. அன்றன்றைக்குப் பொறுக்கி அன்றன்றைக்கே சாப்பிட வேண்டும், விடியும்வரை எடுத்துவைத்தால் புழுத்துவிடும். எவ்வளவு பொருத்தமான பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்பர் அப்படியில்லை. உள்ளே இருப்பது கெட்டியான சதை, சட்டென்று சூடு இறங்காது. தோலின் ஈரத்தை எண்ணெய் ஏற்கெனவே வெளியேற்றிவிட்டதால், முறுகல் சீக்கிரம் நமத்துப்போவதில்லை. மேலே வைக்கிற ரெலிஷ் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டியது, அதற்கு நேரத்தால் நஷ்டமில்லை. பன் சாதாரணப் பன்தான், அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது நிமிடம் கழித்துக் கடித்தாலும் ரிப்பர் ரிப்பராகவே இருக்கிறது. நான் கடிகாரம் பார்த்தே சொல்கிறேன்.

இருபது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்களுக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது. அவருக்கு ராத்திரி சென்னை ஆபீஸோடு கால், எனக்கு ஆஸ்பத்திரி லேபில் விடிகாலை ஷிஃப்ட். வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்வது பால் தீர்ந்ததும் பில் கட்டியதும்தான். மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமை நிதானமாகப் பேசத்தான் வெளியே போகிறோம். ஒய்ட் மன்னாவில் பேச முடியாது. தட்டு வந்ததும் வாய் பர்கருக்குத்தான். பின்னால் ஸ்டூலுக்காக ஆட்கள் நிற்பார்கள், நமக்கே எழுந்துவிடலாம் என்று தோன்றிவிடும். அங்கே நான் ஏதாவது ஆரம்பித்தால் இவர், “பேசிட்டே இருந்தா ஆறிரும், சாப்பிடு முதல்ல” என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ரட்ஸ் ஹட் ஜன்னலோரம் ரிப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி அவரிடம் சொல்ல வாய் வந்தது. மூன்று நாளாக மனதிலேயே வைத்திருந்தேன். கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள் விளக்கோடு போய்க்கொண்டே இருந்தன. அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்த பிறகு, “ஏப்ரல்ல நீ மட்டும் போய்ட்டு வா. டிக்கெட்ட இப்பவே பாக்கேன்” என்று போனை எடுத்தார். பலகையில் நின்றபடியே டிக்கெட் போட்டோம். அதுவரை என் கையிலேயே இருந்த ரிப்பரைப் பிறகுதான் கடித்தேன். வெதுவெதுப்பு மட்டும்தான் மிச்சம், ஆனாலும் ஓரம் முறுகலாகவே இருந்தது. அன்றைக்கே எனக்குக் கடை முடிவாகிவிட்டது.

மற்ற கடைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜெர்சி சிட்டியில் டொனெல் அவென்யூவில் இதே பெயரில் ஒரு ‘ஒய்ட் மனா’ இருக்கிறது. 1939-ல் நியூ யார்க் உலகக் கண்காட்சியில் வைத்த டைனர் அது. பிறகு இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். பலகை எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டதால் பெயர் மன்னாவிலிருந்து மனா ஆகிவிட்டது. வட்டமான கவுண்டர், பார்க்கவே அழகு. நாங்கள் போனது ஒரே தடவை, அதுவும் வேறு இடத்தில் சாப்பிட்ட பிறகு, அரை வயிற்றுக்கு. அதை வைத்து ருசிக்குத் தீர்ப்பு சொன்னால் தப்பாகிவிடும்.

கிளிஃப்டனிலேயே லெக்சிங்டன் அவென்யூவில் ஹாட் கிரில், 1961-லிருந்து நடக்கிறது. அங்கே டெக்சஸ் வீனர். பெயரில்தான் டெக்சஸ், பிறந்தது பக்கத்துப் பேட்டர்சனில். பொரித்த ஹாட் டாகின்மேல் கடுகு, பொடி வெங்காயம், கறிச் சாஸ். மூன்றும் வேண்டுமென்றால் ‘ஆல் தி வே’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சாஸின் மசாலா வாசனை நம் மூக்குக்கு உடனே பிடித்துவிடும். காரம் தேடுகிறவர்களுக்கு ரட்ஸ் ஹட்டைவிட இது ஒத்துப்போகலாம். இரண்டு முறைதான் போயிருக்கிறோம். ஆனால் சாஸ் ஊற ஊறப் பன் குழைகிறது, அதனால் எங்கள் கணக்கில் பின்தங்கிவிட்டது.

குழந்தைகளோடு போவதாக இருந்தால் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை, நின்று சாப்பிடுவது சிரமமில்லை. ரட்ஸ் ஹட்டில் உட்காருகிற பக்கத்தில் நாங்கள் ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை. முட்டிவலி உள்ளவர்களுக்கு அந்தப் பக்கம்தான் தோது. எண்ணெய் வாசனை துணியில் ஏறிக்கொள்ளும், நல்ல சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிற வழியில் நிறுத்தாதீர்கள்.

வாழ்நாளில் ஒரே முறை வருகிற விருந்தாளி என்றால் நானே ஒய்ட் மன்னாவுக்குத்தான் கூட்டிப்போவேன். வார நாளில் மதியக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணி வாக்கில். கல்லுக்கு நேரே இருக்கிற ஸ்டூலில் உட்கார வைத்து, தட்டு வந்ததும் ஒரு வார்த்தை பேச விட மாட்டேன்.

ரட்ஸ் ஹட்டுக்குப் போனால் ஆளுக்கு இரண்டு ரிப்பர் ஒன்றாகச் சொல்லாதீர்கள். ஒன்று சொல்லுங்கள், ரெலிஷ் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள், பேசுங்கள். பேச்சு நீண்டால் கவுண்டருக்குப் போய் இரண்டாவது வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரண்டாவதற்கு எப்போதும் அவர்தான் போகிறார், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை மறந்துவிட்டு இல்லை. அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.