டர்போ போச்சு என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள், ஓனர்கள் கவனத்துக்கு. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் ஒரு வண்டி. மேட்டில் புல்லிங் இல்லை, மிதித்தால் கரும்புகை, செக் என்ஜின் லைட் வேறு. பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0299 (P0299) என்று பிழைக் கோட் வந்தது. "டர்போ முடிஞ்சுதுண்ணே" என்று சொல்லி, என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த டர்போவை மாற்றியும் விட்டார்கள். பில் 38,000 ரூபாய். பழைய டர்போவைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. மூன்றாம் நாள் லோடோடு மேடு ஏறும்போது அதே புகை, அதே லைட். கடைசியில் பார்த்தால், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், விரல் நீளத்துக்கு வெடிப்பு.

அந்தக் கோட் டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவே இல்லை. என்ஜினுக்குப் போகவேண்டிய காற்றழுத்தம் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது. காற்று வழியில் எங்கே ஒழுகினாலும் இதே கோட் வரும். ஸ்கேனரில் அந்தக் கோட்-ஐ அழித்து, வெறும் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினால் எல்லாம் சரியானதுபோலத் தெரியும். லோடு ஏறி அழுத்தம் கூடும்போதுதான் வெடிப்பு வாயைப் பிளக்கும். ஐடிலில் டர்போ அழுத்தமே இருக்காது, அதனால் நின்ற வண்டியில் காதை வைத்துக் கேட்டும் பயனில்லை.

ஹோஸைக் கழற்றி, உள்பக்கமும் அடிப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருக்கும். பிறகு ஏர் ஃபில்டர், திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது). டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் வேக்கம்மில் (காற்று உறிஞ்சும் விசையில்) இயங்குவதானால் அதன் மெல்லிய ரப்பர் குழாயையும் பாருங்கள். சில நூறு ரூபாய்கூடப் பெறாத அந்தக் குழாயில் விரிசல் விட்டாலே டர்போ வேலை செய்யாது. ஸ்கேனரிலேயே இன்னொன்றும் பார்க்கலாம்: சாவி ஆனில், என்ஜின் ஓடாதபோது, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் சமவெளியில் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்டவேண்டும். ஊட்டி உயரத்தில் 80-க்குக் கீழே இருப்பது இயல்பு.

இத்தனையும் சரியென்றால்தான் டர்போ மேல் கைவைக்கவேண்டும். என்ஜின் ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றி, டர்போவின் ஷாஃப்டை (சுழலும் தண்டை) கையால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அதைக் காட்டியே பலரிடம் பணம் பறிக்கிறார்கள். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை கூட்டில் உரசியிருந்தாலோதான் தவறு. குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் என்ஜினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாக வருவது. தேங்கி நின்றால்தான் கவலை. அப்போதும் நீலப்புகையும், ஆயில் குறைவதும் கூடவே இருக்கும்.

உண்மையிலேயே போயிருந்தால், ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் லைனில் கரி அடைத்திருந்தால், அதை மாற்றாமல் போடும் புது டர்போவும் நிலைக்காது. ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். பொருத்தும்போது டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றவேண்டும். ஸ்டார்ட் ஆகாதபடி செய்து, ஆயில் லைட் அணையும்வரை செல்ஃப் அடிக்கவேண்டும். பிறகு சில நிமிடம் ஐடிலில் ஓடவிடவேண்டும். ஆயில் ஏறுமுன் ரேஸ் கொடுத்தால், புது பேரிங் அங்கேயே பட்டறையில் தேய ஆரம்பித்துவிடும்.