புதுச்சேரியில் ஏற்றி கடலூரில் இறக்க: இ-வே பில் தளம் தேறுமா?

நேரு வீதியில் ஏற்றிய லோடு முள்ளோடையைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சக்குப்பம் வந்துவிடும். தூரம் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். வரிக்கணக்கில் மட்டும் அது பெங்களூரிலிருந்து வரும் சரக்குக்குச் சமம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கமான மாநிலக் குறியீடு புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. இந்த எல்லையைத் தினமும் தாண்டும் கடலூர் வியாபாரிகளுக்கு சரக்கு வண்டி கிளம்பும் முன் இணையத்தில் போட வேண்டிய இ-வே பில்லுக்கான தளம் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதுதான் கேள்வி.

வேலை வேகமாக முடிகிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். பகுதி 'அ'வில் இரு தரப்பு ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மதிப்பு, சரக்கு வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு. பகுதி 'ஆ'வில் வண்டி எண். 605001, 607001 என்று பின்கோடு போட்டால் தூரத்தைத் தளமே காட்டும். அதற்கு மேல் பத்து சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். 200 கிலோமீட்டருக்குள் ஒரு நாள் செல்லுபடி, அதுவும் மறுநாள் நள்ளிரவு வரை. நம்ம ரூட்டுக்குத் தாராளம். 2025 ஏப்ரல் முதல் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். அதனால் ஓடிபி வரும் செல்போன் முதலாளி பையில் திருப்பாப்புலியூரில் இருக்க, பில் போடுபவர் கிடங்கில் நின்றால், வண்டி அங்கேயே நிற்கும். ஆளுக்கொரு துணை லாகின் போட்டு வைப்பது நல்லது.

சிக்கல் பெரும்பாலும் தளத்தில் இல்லை, நம் பழக்கத்தில்தான். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் தேவையில்லை என்று பழகிய கை, புதுச்சேரி சரக்குக்கும் அதையே நினைக்கிறது. வெளிமாநில வரத்துக்கு வரம்பு 50,000தான், அதுவும் வரியோடு சேர்த்து. 44,000 ரூபாய்க்கு ஒயரும் ஸ்விட்சும் வாங்கினால் 18 சதவீதத்தில் வரி 7,920. மொத்தம் 51,920. வரம்பு தாண்டிவிட்டது. இதைத் தவிர்க்கப் பில்லை இரண்டாக உடைப்பவர்கள் உண்டு. ஒரே தேதி, ஒரே வண்டி, அடுத்தடுத்த பில் எண் என்றால் சோதனை அதிகாரிக்கு வேறு சாட்சி எதற்கு?

இன்னொன்று '50 கிலோமீட்டருக்குள் பகுதி ஆ வேண்டாம்' என்ற நம்பிக்கை. அந்தச் சலுகை ஒரே மாநிலத்துக்குள், அனுப்புபவர் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட் குடோனுக்கோ, அந்தக் குடோனிலிருந்து வாங்குபவர் இடத்துக்கோ போகும் சரக்குக்கு மட்டும். எல்லை தாண்டும் குட்டியானைக்குப் பொருந்தாது. பிஒய் 01 வண்டிக்குப் பழக்கதோஷத்தில் டிஎன் 31 என்று தட்டிவிடுவதும் நடக்கிறது. இதில் மூன்று எழுத்து மாறுகிறது; வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து தவறினால்தான் சிறு பிழையாகக் கருதி, ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான வரி) போட்ட சரக்குக்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்று 2018 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. இ-வே பில்லே இல்லாமல் பிடிபட்டால் வரியைப் போல இருமடங்கு அபராதம் கட்டித்தான் வண்டியை மீட்க வேண்டும்.

தளத்தின் பெரிய குறை: போட்ட இ-வே பில்லில் பகுதி 'அ'வைத் திருத்த முடியாது. வண்டி எண்ணை மாற்றலாம், மற்றதற்கு 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். வழியில் அதிகாரி சோதித்துவிட்டால் ரத்தும் செய்ய முடியாது. வாங்குபவர் 72 மணி நேரத்துக்குள் மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. நீங்கள் வாங்காத சரக்கு உங்கள் எண்ணில் வருகிறதா என்று இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

கடை பில்லில் வரியே தப்பாக இருந்தால் இந்தத் தளத்தால் ஒன்றும் ஆகாது. கடலூருக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி போட வேண்டும். கவுன்டரில் இருப்பவர் வழக்கம்போல உள்ளூர் விற்பனை மாதிரி மத்திய, மாநிலப் பங்காக 9 சதவீதம் சிஜிஎஸ்டி, 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துவிட்டால் நீங்கள் கட்டும் தொகை மாறாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியில் எது உங்களுக்கு வரவாகும் என்று காட்டும் மாத அறிக்கை ஜிஎஸ்டிஆர்-2பி. அடுத்த மாதம் 14ஆம் தேதி அது வரும்போது அந்த பில் 'வரவு கிடைக்காது' பகுதியில் உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன 7,920 ரூபாயும் உங்கள் கையைக் கடிக்கும். அந்தக் கடை, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் திருத்தித் தர வேண்டும். ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். தாமதமாகக் கட்டும் ஐஜிஎஸ்டிக்கு வட்டி கிடையாது, ஆனால் அலைச்சல் உண்டு. எத்தனை கடைக்காரர் அலைவார்? காம்போசிஷன் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) கடையாக இருந்தால் கதை இன்னும் மோசம். அவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது.

எனவே பணம் கொடுக்கும் முன் பில்லில் உங்கள் 33இல் தொடங்கும் எண், 'சப்ளை இடம்: தமிழ்நாடு' என்ற வரி, ஐஜிஎஸ்டி மூன்றையும் பார்த்துவிடுங்கள். டிரைவரிடம் இ-வே பில் எண் செல்போனில் இருந்தால் போதும். கடை பில்லையும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும்.