எதைப் படிப்பதென்று தீராத பிள்ளை: சித்தூருக்கா, பொள்ளாச்சிக்கா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கணிதமா கணினி அறிவியலா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு பேருந்துகள் உண்டு. ஒன்று கேரளத்துக்குள்ளேயே சித்தூர் போகிறது. மற்றது கோபாலபுரம் எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சி போகிறது.

பொள்ளாச்சிப் பக்கம் மூன்றாண்டுப் பட்டம்தான். பி.எஸ்சி. கணிதம் என்று சேர்ந்துவிட்டால், தொடக்க வாரங்களில் வேறு துறையில் இடம் காலியாக இருந்தால் மாறலாம். அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் ஓராண்டை இழந்து மறுபடி முதலாண்டில்தான் சேர வேண்டும். பகுதி ஒன்று எனப்படும் மொழிப்பாடத்தில் தமிழ் படிக்கலாம் என்பது தமிழ்வழியில் வந்த நம் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயையும் சேர்த்துக் கணக்குப் போடும் பெற்றோர் கவனிக்க வேண்டும்: ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கே அது உரியது; கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளிச் சான்றிதழ் அந்த உதவித்தொகைக்குச் செல்லாது.

கேரளத்தில் 2024-25 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறையில் உள்ளது. 'மேஜர் (முதன்மைப் பாடம்) தேர்வு செய்யாமலே சேரலாம்' என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கம், இங்கே இல்லை. விண்ணப்பத்திலேயே மேஜரை எழுதியாக வேண்டும். என்றாலும் இரண்டாம் செமஸ்டர் முடிவில், இடம் காலியாக இருந்தால், முதலாண்டில் மைனராக, அதாவது துணைப்பாடமாகப் படித்த பாடத்துக்கு மேஜரை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஆகவே தயங்கும் பிள்ளை மேஜரைவிட மைனரைத்தான் யோசித்து எடுக்க வேண்டும் என்பேன். எளிதாக மதிப்பெண் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்த மைனர், பிறகு திறக்கவேண்டிய கதவையே அடைத்துவிடும். மூன்றாண்டில் 133 கிரெடிட்டுடன் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகள்) பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் இருந்து 177 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ் பட்டம். வகுப்பில் விளக்கம் மலையாளத்துக்குத் தாவும், அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருப்பது ஒரு துணை.

இரண்டு பாடங்களுக்கிடையே ஊசலாடும் பிள்ளைக்குச் சித்தூர்ப் பேருந்தையே சொல்வேன். எதிலும் பிடிப்பில்லாமல், வேலைக்கு ஒரு பட்டம் போதும் என்றிருப்பவருக்கு மைனர் தேர்வெல்லாம் வீண் சுமை. அவருக்குப் பொள்ளாச்சியே தோது.

என் தங்கை மகளுக்கு, கேரளத்தில் இணையச் சேவைகள் தரும் அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் போட்டபோது, கையில் கொண்டுவந்த தாளில் முதல் விருப்பத்தை இருமுறை அழித்து எழுதினாள். கடைசியில் மேஜருக்குக் கணிதம் என்று பதிந்துவிட்டு, மைனர் என்ற இடத்தில் கணினி அறிவியலைப் பென்சிலால் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு வைத்துக்கொண்டாள்.