கிட்லேப் பேக்கப்: ஸ்னாப்ஷாட்டா, டார் கோப்பா?

எங்கள் அலுவலகத்தில் 22 பேர். கோட் முழுவதும் நாங்களே நடத்தும் ஒரு கிட்லேப் (கோடையும் அதைப் பற்றிய விவாதங்களையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) சர்வரில்தான் இருக்கிறது. அந்த விர்ச்சுவல் மெஷினை தினமும் நள்ளிரவில் அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் டிஸ்க் இருக்கும் நிலையின் பதிவு) எடுப்போம். 3 வருடமாக எங்களிடம் இருந்த பேக்கப் அது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைத் தாங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஸ்டோரேஜே படுத்துவிட்டது. ஸ்னாப்ஷாட்டுகளும் அதே ஸ்டோரேஜில்தான் இருந்தன.

கோட் போகவில்லை. ஆளுக்கொரு லேப்டாப்பில் குளோன் இருந்ததால் இரண்டு நாளில் திரட்டிவிட்டோம். மெர்ஜ் ரிக்வெஸ்டுகளில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) நடந்த விவாதங்கள், இஷ்யூக்கள், பைப்லைன் (தானாக ஓடும் பில்ட், சோதனை) வேரியபிள்கள் எல்லாம் போயின. ஒரு வரியை ஏன் அப்படி எழுதினோம் என்று யாராவது கேட்டால் பதில் அங்கேதான் இருந்தது. "கிட் என்றாலே எல்லாரிடமும் நகல் இருக்குமே, பேக்கப் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த இரண்டு நாள்தான். ரெப்போக்களை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் ஃபோல்டர்கள்) மட்டும் வேறொரு இடத்துக்கு மிரர் செய்து வைப்பதை இங்கே சேர்க்காததற்கும் அதுவே காரணம். மிரர் கோட்டைக் காப்பாற்றும், அதற்கு மேல் எதையும் காப்பாற்றாது.

மறுபடி சர்வர் அமைத்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழைய ஸ்னாப்ஷாட் முறையையே வேறு இயந்திரத்துக்கு நகல் போகும்படி சரிசெய்வது. இரண்டாவது, கிட்லேப்போடு வரும் 'கிட்லேப்-பேக்கப் கிரியேட்' கட்டளை. டேட்டாபேஸ், ரெப்போக்கள், அப்லோடுகள், ஆர்டிஃபேக்டுகள் (பைப்லைன் உருவாக்கும் கோப்புகள்) எல்லாவற்றையும் அது ஒரே டார் கோப்பாக (பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பு) கட்டித் தரும். மூன்றாவது, டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி-டம்ப் கருவியால் டேட்டாபேஸைத் தனியாக எடுத்து, ரெப்போ ஃபோல்டர்களை ரெஸ்டிக் அல்லது போர்க் (Borg) என்ற பேக்கப் கருவி மூலம் தனியாக எடுப்பது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இடம் மிச்சம் பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. மாறிய துண்டுகள் மட்டுமே சேரும் என்பதால் தினசரி பேக்கப் சில நிமிடங்களில் முடியும். ஆனால் கிட்லேப் ரெப்போக்களை டிஸ்க்கில் ப்ராஜெக்ட் பெயரில் வைப்பதில்லை. ப்ராஜெக்ட் எண்ணிலிருந்து உருவாக்கும் ஹாஷ்தான் ஃபோல்டரின் பெயர். எது எந்த ப்ராஜெக்ட் என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். டேட்டாபேஸ் ஒரு நேரத்திலும் ரெப்போ வேறொரு நேரத்திலும் எடுக்கப்பட்டால், டேட்டாபேஸ் "மெர்ஜ் ஆகிவிட்டது" என்று சொல்லும் கமிட் ரெப்போவில் இருக்காது. அதை ஒழுங்காகச் செய்ய ஸ்க்ரிப்ட் எழுதி, ஒவ்வொரு அப்கிரேடுக்கும் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். எங்களிடம் அந்த ஆள் இல்லை.

ஆக, போட்டி ஸ்னாப்ஷாட்டுக்கும் டாருக்கும் இடையில்தான். நான் டார் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்னாப்ஷாட்டின் நல்ல குணங்களை மறைக்க விரும்பவில்லை. எடுப்பது நொடிகளில் முடியும். திருப்பிப் போடுவதும் எளிது. மெஷினை எழுப்பினால் அதே பதிப்பு, அதே செட்டிங்ஸ், அதே சாவிகள். டேட்டாபேஸும் ரெப்போவும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் ஸ்னாப்ஷாட் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்துவிடும். கரண்ட் போய் மறுபடி வந்த இயந்திரத்தைப் போல, கிட்லேப்பின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் தன் லாக்கைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். தனித்தனி டிஸ்க்குகளாக இருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. அப்கிரேடு செய்வதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஸ்னாப்ஷாட்டை விட நல்ல துணை கிடையாது. இன்றும் அதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: முற்றிலும் வேறொரு இயந்திரத்தில், பழைய இயந்திரத்தைத் தொடாமல், இதை எழுப்பிக் காட்ட முடியுமா? ஸ்னாப்ஷாட் தான் பிறந்த ஹைப்பர்வைசரையும் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) ஸ்டோரேஜையும் சார்ந்தது. வேறு இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் முழு டிஸ்க்கையும் ஏற்றுமதி செய்து மாற்ற வேண்டும். டார் அப்படியில்லை. லினக்ஸ் இயந்திரம் ஒன்று, கிட்லேப் பேக்கேஜ் ஒன்று, இவை போதும். வாடகைக்கு எடுத்த சர்வரிலும் எழுப்பலாம், மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பிலும் எழுப்பலாம். அதனால்தான் ஒத்திகை பார்க்க முடிகிறது.

ஒத்திகை பார்க்காத பேக்கப் என்ன ஆகும் என்பதற்கு கிட்லேப் நிறுவனமே சாட்சி. 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர் முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். பிஜி-டம்ப் பேக்கப்பைத் தேடினால் அது கிடைக்கவில்லை. டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2, பதிப்பு பொருந்தாமல் டம்ப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் டிமார்க் (போலி மின்னஞ்சலைத் தடுக்கும்) சோதனையில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் மேலாண்மை முறை) ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஸ்னாப்ஷாட் பக்கம் இருப்பவர்களுக்கு இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, அந்த டம்ப்பை ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தால் கோளாறு முன்பே தெரிந்திருக்கும் என்பதுதான்.

எங்கள் முதல் ஒத்திகையிலும் ஒன்று தெரிந்தது. காலி இயந்திரம், அதே பதிப்பு பேக்கேஜ், டார் கோப்பை பேக்கப் ஃபோல்டரில் போட்டு 'கிட்' பயனருக்கு உரிமை மாற்றியாயிற்று. கிட்லேப்பின் பகுதிகளான பூமாவையும் (வலை சர்வர்) சைட்கிக்கையும் (பின்னணி வேலைகளைச் செய்வது) நிறுத்திவிட்டு ரீஸ்டோர் கட்டளை கொடுத்தோம். கோப்பின் முழுப் பெயரைக் கொடுத்ததால் முதல் தடவை கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் வரும் 'கிட்லேப்-பேக்கப் டாட் டார்' பகுதியை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இருக்கிற டேபிள்களை எல்லாம் அழிக்கப்போகிறேன் என்று எச்சரித்தது, 'யெஸ்' அடித்தோம். ஒரு மணி நேரம் கழித்து ப்ராஜெக்டுகள், இஷ்யூக்கள், கமெண்டுகள் எல்லாம் வந்து நின்றன. சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணா, செட்டிங்ஸ்ல சிஐ பக்கத்தைத் திறந்தா 500 வருது" என்றான். அது பைப்லைன் செட்டிங்ஸ் பக்கம்; 500 என்றால் சர்வர் பிழை.

கிட்லேப்-சீக்ரெட்ஸ் டாட் ஜேசன் கோப்பு டாருக்குள் இல்லை. பைப்லைன் வேரியபிள்கள், இரண்டடுக்கு லாகின் ரகசியங்கள், ரன்னர் (பைப்லைன் வேலைகளை ஓட்டும் நிரல்) டோக்கன்கள் எல்லாம் டேட்டாபேஸில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டுக்குச் சாவி இந்தக் கோப்பில். பூட்டிய பெட்டியும் சாவியும் ஒரே பையில் போகக்கூடாது என்று வேண்டுமென்றேதான் டாரில் சேர்ப்பதில்லை. அசல் சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கிருந்து கோப்பை நகலெடுத்துப் போட்டு, ரீகன்ஃபிகர் (செட்டிங்ஸை மறுபடி ஏற்றும் கட்டளை) செய்ததும் சரியாகிவிட்டது. நிஜ விபத்தாக இருந்திருந்தால் வேரியபிள்களை அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். இப்போது 'கிட்லேப்-சிடிஎல் பேக்கப்-ஈடிசி' கட்டளையை வாரம் ஒரு தடவை ஓட்டி, வரும் கோப்பை டாரிலிருந்து தள்ளி வேறொரு இடத்தில் வைக்கிறோம். ரீஸ்டோர் முடிந்ததும் 'கிட்லேப்:டாக்டர்:சீக்ரெட்ஸ்' ஓட்டினால் சாவி பொருந்துகிறதா என்று சொல்லிவிடும்.

டாரின் பெரிய தொல்லை பதிப்புதான். எந்தப் பதிப்பில் எடுத்ததோ, அதே பதிப்பில்தான் திருப்பிப் போட முடியும். சிஇ (இலவசப் பதிப்பு) என்றால் சிஇ, இஇ (நிறுவனப் பதிப்பு) என்றால் இஇ. நல்லவேளையாகப் பதிப்பு எண் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. பழைய டாரை எடுத்தால் முதலில் பழைய பதிப்பை நிறுவி, ரீஸ்டோர் செய்து, பிறகு 15.11, 16.3, 16.7, 16.11 என்று நின்று நின்றுதான் மேலே ஏற வேண்டும். அதனால் நாங்கள் அப்கிரேடு செய்யும்போதெல்லாம் அந்தப் பதிப்பின் டெப் பேக்கேஜையும் (நிறுவும் கோப்பு) டாரோடு சேர்த்து வைக்கிறோம். அவசர நேரத்தில் பழைய பேக்கேஜைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்த தொல்லை இடம். கட்டளை எல்லாவற்றையும் முதலில் பேக்கப் ஃபோல்டரில் குவித்து, அப்புறம்தான் டாராகக் கட்டும். டிஸ்க்கில் தாராளமாகக் காலி இடம் இல்லாவிட்டால் நடுவில் நின்றுவிடும். எங்கள் 70 ஜிபியில் பாதி ஆர்டிஃபேக்டுகள். மறுபடி பில்ட் செய்தால் கிடைக்கக்கூடியவை என்பதால் தினசரி பேக்கப்பில் ஸ்கிப் (குறிப்பிட்ட பகுதியைத் தவிர்க்கச் சொல்லும் அமைப்பு) போட்டு விட்டுவிடுகிறோம், ஞாயிறு மட்டும் முழுசாக எடுக்கிறோம். ஒவ்வொரு நாளும் புது டார் வருவதால் ரெஸ்டிக்கால் மிச்சம் பிடிக்க முடிவதில்லை என்பதும் உண்மை. ஸ்கிப்பில் 'டார்' என்று கொடுத்தால் கோப்புகளைக் கட்டாமல் அப்படியே விட்டுவிடும். ஜிசிப் ஆர்சிங்கபிள் (GZIP_RSYNCABLE) என்ற அமைப்பையும் சேர்த்தால் வெளியே அனுப்பும் அளவு குறையும். எங்களுக்கு நன்றாகவே குறைந்தது.

இவ்வளவும் எங்கள் அளவுள்ள சர்வரை வைத்துச் சொல்வது. நூற்றுக்கணக்கான ஜிபி ரெப்போ வைத்திருப்பவர்களின் சர்வரில் நான் ரீஸ்டோர் செய்து பார்த்ததில்லை. அங்கே டார் கட்டி முடிய ஆகும் நேரமே ஸ்னாப்ஷாட் பக்கம் தள்ளக்கூடும். கிட்டீ (Gitea, கிட்லேப் போன்ற இன்னொரு மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'கிட்டீ டம்ப்' ஒரு சிப் கோப்பு தரும், ஆனால் அதற்கு ஜோடியாக ரீஸ்டோர் கட்டளை கிடையாது. பிரித்து, கோப்புகளை இடத்தில் வைத்து, எஸ்க்யூஎல்லை நாமே ஏற்ற வேண்டும். ஒத்திகை அங்கே இன்னும் அவசியம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, போன தடவை செய்யாத ஒருவர் கையில் காலி இயந்திரத்தைக் கொடுத்து எழுப்பச் சொல்கிறோம். கடைசியாகச் செய்தவருக்கு 1 மணி 50 நிமிடம் ஆயிற்று. அவர்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆர்டிஃபேக்டுகளை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கோப்புகளை பக்கெட் என்ற தொகுப்புகளில் வைக்கும் தனிச் சேமிப்பு) மாற்றிய பிறகு டார் பாதியாகச் சுருங்கியிருந்தது. அங்கே இருப்பதை 'கிட்லேப்-பேக்கப்' எடுப்பதில்லை. அந்த பக்கெட்டுக்குத் தனியாக ஒரு நகல் வேலையை அன்று மாலையே போட்டுவிட்டோம்.